அயனம்பாக்கம் ஏரியில் ஒரு செம்பு அணு

போன வாரம் எங்கள் வீட்டு மிக்சி, தேங்காய்ச் சட்னிக்கு நடுவில் புகைந்து நின்றுவிட்டது. வீட்டில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினார்கள். நான் மட்டும் ஜாரை எடுத்து வைத்துவிட்டுக் குனிந்து அந்தப் புகையை இன்னொரு தரம் இழுத்து மோந்தேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனாமல் பூசிய செம்புக் கம்பி கருகுகிற வாசனையை அனுபவித்து மோக்கிற பெண்பிள்ளையை அவர் வேறெங்கே பார்த்திருக்கப் போகிறார்?

இருபது வயதில் அந்த வாசனை என் தலைமுடியிலேயே குடியிருந்தது. எண்பதுகளின் பிற்பாதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பின்பக்கத் தெரு ஒன்றில், டிரான்ஸ்பார்மர் சுற்றுகிற ஒரு ஷெட்டில் எனக்கு வேலை. டிரான்ஸ்பார்மர் என்றதும் தெருமுனைக் கம்பத்தில் உறுமிக்கொண்டு தொங்குமே, அதை நினைத்துவிடாதீர்கள். நாங்கள் சுற்றியது உள்ளங்கையில் அடங்குகிற சாமான். ரேடியோவுக்குள்ளும் ஸ்டெபிலைசருக்குள்ளும் இருக்கும். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடிக்குப் பஸ், அங்கிருந்து ரயில் என்று தினமும் வந்துபோவேன். பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவள் என்பதால் என்னைச் சுற்ற விடவில்லை. முடித்து வரும் சாமானில் லேபிள் ஒட்டுகிற உத்தியோகம். கோந்து தடவுவதற்கு எதற்குப் பிளஸ் டூ என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சுற்றுகிற வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் கட்டை ஒன்றை மிஷினில் மாட்டி, வலது கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கம்பி ஓடி வந்து கட்டையில் வரிசையாக உட்காரும். கம்பி தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். ஒரு வரிசை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிரம்பினால் அது ஒரு லேயர். அதன் மேல் மெல்லிய காகிதம் ஒன்றைப் போர்த்திவிட்டு அடுத்த லேயர். ஒரு லேயரில் இடம் மிச்சம் இருக்கும்போது மேலே போகக் கூடாது. போனால், மேலே சுற்றும் கம்பி அந்தப் பள்ளத்தில் சரிந்து விழும், பின்னால் ஒருநாள் அங்கேதான் கருகும். இந்த ஒரு பாடத்தை அந்த ஷெட்டில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

அங்கே எல்லோரையும்விடச் சுத்தமாகச் சுற்றியவள் கஸ்தூரி அக்கா. அயனம்பாக்கத்துக்காரி. அவளுடைய அம்மா காலம்வரை ஏரிக்குக் கீழே நாற்று நட்ட குடும்பம். கம்பெனி வேலைக்கு வந்த முதல் ஆள் இவள்தான். புருஷன் மூட்டை தூக்கி முதுகு ஒடிந்து வீட்டோடு கிடந்தார். இரண்டு பெண்பிள்ளைகள். அடுப்பு எரிவது இவள் விரலால். அந்த விரல்தான் அந்த வருஷம் மரத்துப்போக ஆரம்பித்தது. வருஷக்கணக்காகக் கம்பி ஓடி ஓடி இடது ஆள்காட்டி விரலில் ஒரு தடமே விழுந்திருந்தது, அந்த இடத்தில் ஊசியால் குத்தினாலும் தெரியாது. கம்பி எவ்வளவு இறுக்கமாக வருகிறது என்று விரல் சொல்லாவிட்டால் கம்பி பட்டென்று அறுந்துவிடும். நாளுக்கு நாள் அறுந்தது.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. டெஸ்டிங் மேஜையில் ஒரு இடம் காலியாகிறது, ஆனால் முதலாளி பத்தாவது பாஸ் கேட்கிறார், அடுத்த பரீட்சையில் தேறிவிட்டால் உன்னை அங்கே போடச் சொல்கிறேன், இல்லாவிட்டால் பொங்கலுக்கு மேல் சுற்றுகிற மேஜையில் வைத்துக்கொள்ள முடியாதம்மா என்று தலை குனிந்துகொண்டே சொன்னார். அக்கா பிரைவேட்டாகப் பத்தாவது எழுதி மற்ற பாடங்களில் எல்லாம் தேறியிருந்தாள். அறிவியல் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டிருந்தது. அதிலும் குறிப்பாக அணு. நம்ப முடியாத ஒன்றை எப்படி எழுதுவது என்பது அவள் கட்சி. படிக்காமல் தோற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், புத்தகத்தோடு சண்டை போட்டுத் தோற்ற ஒரே ஆளை அங்கேதான் பார்த்தேன்.

இப்படித்தான் சாப்பாட்டு நேரத்தில் அணுப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அறிவியலை மறந்து நாலு வருஷம் ஆன என்னைவிட்டால் அங்கே படித்த ஆள் இல்லை என்பது எவ்வளவு பரிதாபம் பாருங்கள். தூக்குச் சட்டிகள் திறந்திருக்கும். கருவாட்டு வாசனைக்கும் வார்னிஷ் வாசனைக்கும் நடுவில் நான் வாசிப்பேன். கிரேக்க தேசத்தில் ஒருவர், எந்தப் பொருளையும் வெட்டிக்கொண்டே போனால் இனி வெட்ட முடியாது என்று ஒரு துண்டு வந்து நிற்கும் என்றாராம். நம் நாட்டிலும் ஒரு முனிவர் அதையே யோசித்தார் என்று புத்தகம் ஓரமாகப் போட்டிருந்தது. அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். கீழே கிடந்த கம்பித் துண்டை எடுத்து, கட்டிங் பிளேயரால் இரண்டாக்கினாள், அதை இரண்டாக்கினாள். கண்ணுக்குத் தெரிகிறவரை வெட்டினாள். மிச்சத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள், வீட்டில் பிளேடால் பார்க்கலாம் என்று.

சாயங்காலம் வாசலில் சோதனை. செம்பு வெளியே போகக் கூடாது என்று ஒரு அம்மாள் நின்று எல்லோர் பையையும் முந்தானையையும் பார்ப்பார். கைக்குட்டையைப் பிரித்தவர் திகைத்துப்போனார். திருடுகிறவள் இவ்வளவு கொஞ்சம் தூளையா திருடுவாள்? சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். அணு எங்கே வருகிறது என்று பார்க்கத்தான் கொண்டுபோகிறேன் என்று அக்கா நேராகச் சொன்னாள். அவர் அந்தத் தூளை விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, இங்கேயே வைத்து வெட்டும்மா, வெளியே கொண்டுபோகாதே என்று மட்டும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஒருவர் யோசித்ததை இவள் பிளேயரோடு சரிபார்க்கக் கிளம்பிவிட்டாளே என்று உடம்பு சிலிர்த்தது.

அதற்கப்புறம் பாடம் சூடு பிடித்துவிட்டது. மற்ற பெண்களும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். விஞ்ஞானிகளின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை, ஆகவே ஒவ்வொருவருக்கும் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். அணு என்பது உடைக்க முடியாத கெட்டி உருண்டை, தங்கத்துக்கு ஒரு வகை, செம்புக்கு ஒரு வகை என்று சொன்ன வாத்தியார், குண்டுக்காரர். நூறு வருஷம் எல்லோரும் அவர் பேச்சை நம்பினார்கள். பிறகு ஒருவர் காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் குழாயில் கரண்ட் பாய்ச்சி, அணுவைவிடச் சின்னதாக ஒன்று உள்ளேயிருந்து கிளம்பி வருவதைக் கண்டுபிடித்தார். அதுதான் எலக்ட்ரான். அணு ஒரு தர்பூசணி, எலக்ட்ரான்கள் அதில் விதை என்றார். அவர் தர்பூசணிக்காரர். அக்காவுக்கு இவரைப் பிடித்திருந்தது. சாப்பிடுகிற பொருளாகச் சொன்னால் மனுஷனுக்குப் புரியும் என்றாள்.

வினையே அடுத்தவரால் வந்தது. தங்கத்தைக் காகிதத்தைவிட மெல்லிய தகடாக அடித்து, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத துகள்களைச் சுட்டுப் பார்த்தவர், தகடுக்காரர். அநேகமாக எல்லாத் துகளும் தகடு இருப்பதே தெரியாத மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டன. எப்போதாவது ஒன்று மட்டும் சுவரில் அடித்த பந்து போலச் சுட்டவர் பக்கமே திரும்பி வந்தது. அதிலிருந்து அவர் சொன்னார்: அணுவில் பெரும்பகுதி வெற்றிடம். எடை முழுவதும் நடுவில் ஒரு புள்ளியில். அந்தப் புள்ளியில் புரோட்டான்களும், ஒட்டாமல் உறவாடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் நியூட்ரான்களும் உண்டு என்பது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. புள்ளி அணுவில் லட்சத்தில் ஒரு பங்கு அகலம். எலக்ட்ரான்கள் எங்கோ தொலைவில் சுற்றுகின்றன.

இதைத்தான் அக்கா நம்ப மறுத்தாள். தினமும் கையை அறுக்கிற கம்பி வெற்றிடமா? எடை போட்டு வாங்கி எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிறோமே, அதற்குள் ஒன்றுமே இல்லையா? சுற்றுகிற எலக்ட்ரான் சக்தியை இழந்து நடுவில் விழுந்துவிடாதா என்று அந்தக் காலத்துப் பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு இன்னொருவர், அதனதன் பாதையில் இருக்கும்வரை விழாது, பாதைகள் அடுக்கடுக்காக உண்டு, முதலாவதில் இரண்டு, அடுத்ததில் எட்டு, மூன்றாவதில் பதினெட்டு வரை கொள்ளும் என்று பதில் சொன்னார். இதை வாசித்ததும் மேஜை முழுக்க ஒரே குரலாக அவருக்குப் பெயர் வைத்தது: லேயர்காரர். லேயர் அவர்களுக்கு உடனே புரிந்தது. வெற்றிடம் மட்டும் புரியவில்லை. எனக்கும்தான்.

ஆடி மாசம் வந்தது. அயனம்பாக்கத்தில் அக்கா தெரு அம்மன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினார்கள். ஷெட்டே திரண்டு போனது, எங்கள் ஷெட்டில் சுற்றுகிற ஆவடி ரெஜினாவும் அவள் மாமியாரும்கூட ஜெபம் முடிந்த கையோடு வந்துவிட்டார்கள். கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்புமாக வயிறு நிரம்பியபின் ஏரிப்பக்கம் நடந்தோம். மழைக்கு இன்னும் இரண்டு மூன்று மாசம் இருந்தது. ஏரி வறண்டு, வெடித்த களிமண் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. பையன்கள் நடுவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, அந்தப் புள்ளியை மிளகு அளவு என்று வைத்துக்கொண்டால் அணு இந்த ஏரி அளவுக்கு வருமே என்று வாய்க்கணக்காகச் சொல்லிவிட்டேன்.

அக்கா வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு மிளகு எடுத்து வந்தாள்.

செம்புக்கு எலக்ட்ரான் இருபத்தொன்பது. ஷெட்டுப் பெண்கள் போதவில்லை. அக்காவின் பெண்கள், நாத்தனார், ரெஜினாவின் மாமியார், கூழ் குடிக்க வந்த பக்கத்துத் தெருக்காரர்கள், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா என்று பிடித்துச் சேர்த்தோம். ஏரி நடுவில் என் கைக்குட்டையை விரித்து அதன் மேல் மிளகை வைத்து, காற்றில் போகாமல் பார்த்துக்கொள்ள நான் பக்கத்தில் குந்தினேன். இரண்டு பேர் ஓரளவு தள்ளி. எட்டுப் பேர் அதற்கும் தள்ளி. பதினெட்டுப் பேர் இன்னும் தூரத்தில், பெரிய வட்டமாக. தூரமெல்லாம் கண் மதிப்புத்தான், புத்தகத்தில் அவ்வளவு கணக்கு இல்லை. மிச்சம் ஒரு எலக்ட்ரான். செம்பில் கடைசி லேயரில் தனியாகச் சுற்றுகிற அந்த ஒன்றுதான் அணுவை விட்டு அணு தாவும், கரண்ட் என்று நாம் சொல்வது அதன் ஓட்டம்தான் என்று வாசித்திருந்தோம். அந்த இடத்துக்கு அக்கா போனாள். ஏரிக்கரைமேல் ஏறி ஒண்டியாக நின்றாள்.

நான் மிளகருகில் இருந்து பார்த்தேன். அக்கா கரைமேல் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தாள். அவளுடைய சிவப்புச் சேலைகூட அந்தத் தூரத்துக்கு நிறம் இழந்திருந்தது. நடுவில் இருந்தது காற்று. யார் பேசினாலும் எனக்குக் கேட்டிருக்காது. அப்போது பையன் ஒருவன் ஓங்கி அடித்த பந்து, பதினெட்டுப் பேருக்கு நடுவே புகுந்து, எட்டுப் பேரைக் கடந்து, எனக்குச் சற்று தள்ளி ஓடி, அந்தப் பக்கமாக வெளியே போய்விட்டது. எவர் மேலும் படவில்லை. ஒரு செம்பு அணுவைத் துளைத்துக்கொண்டு போனதை அந்தப் பந்தும் அறியாது, பையனும் அறியான். தகடுக்காரர் பந்து என்று ரெஜினா கத்தினாள். நான் குந்திய இடத்திலேயே அழுதுவிட்டேன். எதற்கு அழுதேன் என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரிய கோயிலில் முதல் தடவை நுழையும்போது காரணமில்லாமல் கண் கலங்குமே, அதுதான் என்று இப்போது சொல்வேன்.

அக்கா கரையிலிருந்து இறங்கி வெகு நேரம் நடந்து என்னிடம் வந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது. இடது கையை விரித்து, தடம் விழுந்த விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இம்மாம் எடமும் காலியா கீது. அப்ப நான் இத்தினி வருசமா கையில புடிச்சிகினு இருந்தது இன்னா கண்ணு?"

மிளகைத் தேடினோம், காணோம். யார் காலில் மிதிபட்டதோ, எறும்புதான் இழுத்துப் போயிற்றோ. அது எங்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை. அன்றையிலிருந்து அக்கா அணுவை நம்பினாள். நம்பினாள் என்பதுகூடச் சரியில்லை, அதற்குள் நின்றுவிட்டு வந்தவள் அவள். கம்பியைத் தொடும்போது ஒரு கணம் நிறுத்தித் தொட்டாள். விரல் மரத்தது மரத்ததுதான், ஆனாலும் தொட்டாள்.

பரீட்சைக்கு நன்றாகவே தயாரானாள். எல்லோர் கதையையும் வரிசைப்படி சொல்வாள், புரோட்டான், நியூட்ரான் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஷெட்டில் எல்லோரும் அவள் டெஸ்டிங் மேஜைக்குப் போய்விட்டதாகவே பேசினார்கள். எழுதிவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தவள், தூக்குச் சட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பொட்டாசியம் அணுவை வரைந்து விளக்கச் சொல்லி ஒரு கேள்வி. எலக்ட்ரான் பத்தொன்பது. முதல் லேயரில் இரண்டு, அடுத்ததில் எட்டு, மிச்சம் ஒன்பது. மூன்றாவது லேயரில் பதினெட்டுக்கு இடம் உண்டு. ஒன்பதையும் அதிலேயே போட்டுவிட்டாள்.

விடை அது இல்லை. மூன்றாவதில் எட்டு மட்டும், கடைசி ஒன்று நான்காவதில். வெளி லேயரில் எட்டுக்கு மேல் நிற்காது என்று பாடத்தில் ஒரு வரி உண்டு. அந்த வரி அவளுக்குத் தெரியும், எனக்கே ஒப்பித்திருக்கிறாள். பரீட்சை ஹாலில் பேனா அங்கே வந்ததும் கை கேட்கவில்லையாம். பாதி லேயரில் இடத்தை விட்டுவிட்டு மேலே போக அந்தக் கைக்குத் தெரியாது. லேயர் தப்பினால் வேலன்சி என்கிற இணைதிறன் தப்பு, வேலன்சி தப்பினால் அடுத்த பிரிவும் தப்பு. அந்தத் தப்பைச் செய்ய உலகத்தில் எங்கள் ஷெட்டு ஆட்களால் மட்டும்தான் முடியும்.

முடிவு பேப்பரில் வந்தபோது அவள் நம்பர் இல்லை. மார்க் ஷீட் வந்ததும் தெரிந்தது, மூன்று மார்க்கில் போய்விட்டது. சூப்பர்வைசர் முதலாளியிடம் இரண்டு தடவை போய்ப் பேசிவிட்டு வந்தார், ஒன்றும் நடக்கவில்லை. பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை அக்கா தன் மிஷினைத் துடைத்து வைத்தாள். நாங்கள் ஆளாளுக்கு மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றோம். வீட்டை எப்படி ஓட்டப்போகிறாள் என்று நான் கேட்க நினைத்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

"வேலைய உடு, எங்கனா கெடைக்கும். மூணாவது லேயர்ல எடம் கீது இல்ல? அப்பால இன்னாத்துக்கு அது வெளிய போச்சு? அத்த மட்டும் யாராண்டயாவது கேட்டு எனக்குச் சொல்லு கண்ணு."

சொல்கிறேன் என்றேன். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் சோதனைக்கு வரிசையில் போய் நின்றாள்.

அடுத்த வருஷமே எனக்குக் கல்யாணம் ஆகிப் பூந்தமல்லிக்குப் போய்விட்டேன். டியூஷன் வாத்தியார் ஒருவரைக் கேட்டேன், விதி அப்படித்தான் என்றார். அக்காவிடம் போய் விதி என்று சொல்ல எனக்கு வாய் வராது. தொண்ணூறுகளின் கடைசியில், என் நாத்தனார் கெமிஸ்ட்ரி பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டே அவளைக் கேட்டேன். முதலில் அவள், எலக்ட்ரான் வட்டமாகச் சுற்றுகிறது என்பதே பழைய பேச்சு அண்ணி, இப்போது அதை மேகம் மாதிரிதான் நினைக்க வேண்டும் என்று என் ஏரியையே கலைக்கப் பார்த்தாள். பிறகு விளக்கினாள். மூன்றாவதில் மிச்சமிருக்கிற இடம் பெயருக்குத்தான் உள்ளே இருக்கிறது, அங்கே உட்காருவதற்குச் சக்தி கூடுதலாக வேண்டும். நான்காவதின் முதல் இடம் அதைவிடச் சுலபம். அதனால் பொட்டாசியத்தின் கடைசி எலக்ட்ரான் அங்கே போகிறது. கால்சியத்தில் இன்னொன்றும் அங்கே போகிறது. அதற்கடுத்த தனிமத்திலிருந்து, விட்டுவிட்டுப் போன மூன்றாவது லேயருக்குத் திரும்பி வந்து ஒவ்வொன்றாக நிரப்புகிறது. செம்புக்கு வரும்போது அந்த லேயர் முழுசாக நிரம்பியிருக்கும்.

பூண்டு கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேலே சுற்றிவிட்டு, திரும்பக் கீழ் லேயருக்கு வந்து, ஒரு சரிவும் இல்லாமல் நிரப்புகிறதாம். அம்பத்தூர் முழுக்கத் தேடினாலும் அப்படிச் சுற்றத் தெரிந்த கை கிடையாது. கண்ணுக்கே தெரியாத ஒன்று, இத்தனை செம்பிலும், உலகம் முழுக்க, ஒன்றில்கூடத் தப்பாமல் அதைச் செய்து வைத்திருக்கிறது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அயனம்பாக்கம் போனேன். மழைக்காலம், ஏரி தளும்பி நின்றது. அக்கா இருந்த தெருவில் வீடுகளைக் காணோம், மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். அம்மன் கோயில் மட்டும் இருந்தது. அங்கே விளக்கேற்றிக்கொண்டிருந்த பெண், கஸ்தூரி குடும்பம் காலி பண்ணிக்கொண்டு சென்னீர்குப்பம் பக்கம் போய் வருஷமாகிறது என்றாள். சென்னீர்குப்பம் முழுக்க லாரி ஷெட்டுகள், ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக் கேட்டேன். சுற்று வேலை பார்த்த கஸ்தூரி என்றால் யாருக்கும் தெரியவில்லை. பிறகும் சில தடவை போனேன். எங்கள் ஷெட் இருந்த இடத்தில் இன்று கண்ணாடி போட்ட ஆபீஸ் நிற்கிறது, ரெஜினாவோடும் தொடர்பு விட்டுப்போயிற்று. அந்த இருபத்தொன்பது பேரில் ஒருவர்கூட இன்று எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

அது திரும்பி வந்து அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது அக்கா, நீ போட்ட இடம் கடைசிவரை காலியாகக் கிடப்பதில்லை. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், கேட்டும் வைத்திருக்கிறேன், சொல்ல ஆள் இல்லை.